துணியில் ஒன்றும் மிஞ்சாமல்

பழவங்காடியில் சைவ உணவுக்கடை நடத்தும் குற்றாலலிங்கம், ஞாயிறு மதியம் கடையடைத்ததும் மாவரைக்கும் கிரைண்டரைத் தம் கையாலேயே கழற்றுவார். இளமையில் கிரைண்டர் பழுதுபார்ப்பவராகத்தான் தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் வந்தார். முதலாளியான பிறகும் அந்த வேலையை இன்னொருவரிடம் கொடுக்க மனம் வந்ததில்லை. பழைய வேட்டியொன்றை விரித்து, கழற்றிய வரிசையிலேயே உறுப்புகளைப் பரப்பி, துடைத்து, எண்ணெயிட்டு, மறுபடி பூட்டுவார். முடிந்ததும், "மாடம்மா, வந்து பாரு!" என்பார். கடை தொடங்கிய நாள்தொட்டு அடுப்படியில் இருக்கும் மாடம்மாள் ஈரக்கையோடு வந்து வேட்டியை எடுத்து உதறுவாள். ஒரு வாஷர்கூட விழாது. "செரியாச்சு, அண்ணாச்சி" என்பாள். அந்தச் சொல்லில் அவர் நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

இந்த வேலைக்கு மலையாளத்தில் அழிச்சுபணி என்று பெயர்; அழிப்பது கழற்றுவது, பணிவது திரும்பக் கட்டுவது. மந்திரிசபையையோ போலீஸையோ தலைகீழாக மாற்றினாலும் பத்திரிகைகள் அதே சொல்லைத்தான் தலைப்பில் போடும். அதைப் படிக்கும்போதெல்லாம், தம்முடைய ஸ்பானர் வேலை அரசாங்கம்வரை போயிருப்பதாக அவருக்குப் பெருமிதம். பக்கத்துக் கட்டடத்தையும் வாங்கிக் கடையைப் பெரிதாக்கிய கையோடு, ஆட்களையெல்லாம் கூட்டி, "நம்ம கடையிலயும் ஒரு அழிச்சுபணி" என்று அறிவித்தார். பரிமாறிய பால்பாண்டி கல்லாவுக்குப் போனான்; பார்சல் கட்டியவர் தோசைக்கல்லுக்கு வந்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் புது இடம் கொடுத்தார். மாடம்மாள் பெயர் மட்டும் வரவில்லை. கடையின் சுவரைப் போல எப்போதும் அங்கேயே இருந்தவள், அவர் நினைவுக்கு எட்டவில்லை.

"அண்ணாச்சி, மாடம்மாக்காவ எங்க மாட்டப் போறீய? பழைய இரும்புக் கடையிலயா?" என்றான் பால்பாண்டி. எல்லோரும் சிரித்தார்கள். குற்றாலலிங்கமும் சிரித்துவிட்டார். மாடம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்; மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு, கிரைண்டரைப் பூட்டி முடித்து, வழக்கம்போல் "மாடம்மா, வந்து பாரு!" என்று கூப்பிட்டுவிட்டார். குரல் வெற்று அடுப்படிக்குள் போய் அடங்கியது. வேட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதை உதறிப் பார்க்கத்தான் ஆளில்லை. வாஷருக்குக் காட்டிய கவனத்தை மனுஷிக்குக் காட்டவில்லையே என்று அவருக்குச் சுட்டது.

மாலையில் அட்டக்குளங்கரையில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தப்பாப் போச்சு, மாடம்மா. திரும்பி வா."

"வேற கடையில கூப்பிட்டிருக்காவ, அண்ணாச்சி. சோத்துக்கு வழியில்லாம நான் நிக்கல. அத்தன பேரு முன்னால சிரிச்சிட்டு, இங்க வந்து தனியாச் சொன்னா போதுமா?"

"நாளைக்குக் காலையில ஒருதரம் வந்து நில்லு. பெறகு உன் இஷ்டம்."

திங்கள் காலை. பாதி தூக்கிய ஷட்டருக்கு வெளியே இட்லிக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். உள்ளே, அத்தனை பேர் நடுவில், வேட்டியை விரித்து கிரைண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார் குற்றாலலிங்கம். மாடம்மாள் வாசலருகே, உள்ளே வராமல் நின்றாள்.

"அண்ணாச்சி, கஸ்டமர் சத்தம் போடுதாவ" என்றான் பால்பாண்டி.

"போடட்டும்டே. அழிச்சவன் நான். பணிய முடிக்க வேண்டாமா?"

ஒவ்வொன்றாகப் பூட்டினார். கடைசி போல்ட் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒருத்தர வெளிய விட்டுட்டு மூடிட்டேன். சிரிக்கவும் செஞ்சேன். மன்னிச்சிரு, மாடம்மா. இனிமே அடுப்படி மொத்தமும் உன் பொறுப்பு. நானே உள்ள வரணும்னாலும் உங்கிட்ட கேட்டுட்டுத்தான் வருவேன்."

"நானும் வாய்த்துடுக்கா பேசிட்டேன், அக்கா" என்று பால்பாண்டி தலையைக் குனிந்தான்.

மாடம்மாள் நிதானமாக உள்ளே வந்து, போல்டையும் ஸ்பானரையும் வாங்கி முடுக்கினாள். பிறகு வேட்டியின் இரு முனைகளைப் பிடித்துத் தூக்கினாள். வெளியே கணபதி கோயிலில் தேங்காய்கள் சிதறும் சத்தம். அவள் ஓங்கி உதறிய வேகத்தில் காய்ந்த மாவுத்தூள் பறந்து குற்றாலலிங்கத்தின் வெள்ளைச் சட்டையெல்லாம் படிந்தது. அதைத் தட்டிவிடாமல், அந்த ஒரு சொல்லுக்காக அவர் நிமிர்ந்து நின்றார்.