எண்பத்து நாலில் நின்ற முள்

ரோகிணியின் போன் வந்தபோது ஜோஷ்வா ஒரு பழைய ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு அதற்குள் தலையை விட்டிருந்தான். கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே எடுத்தான்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சுண்ணா. அப்பா கண்ணு முழிச்சுட்டாரு. என்னைப் பார்த்ததும் மழை பெய்யுதான்னு கேட்டாரு."

ஜோஷ்வா "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொன்னான். போனை வைத்துவிட்டு, கடை வாசலில் நின்று பூஞ்சேரி கூட்டுரோட்டில் போகிற பஸ்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சாருக்கு உயிர் தங்கிவிட்டது. அந்த ஒரு பாரம் இறங்கியதுமே, அதன் அடியில் கிடந்த இன்னொன்று மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. சார் பிழைத்துவிட்டார், வீட்டுக்கு வரப்போகிறார். வந்ததும் முதல் வேலையாகச் சுருட்டுகளைத்தான் கேட்பார்.

சார் என்பது ரோகிணியின் அப்பா ராமானுஜம். சரக்குக் கப்பல்களில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தேவனேரியில் கடலைப் பார்த்த வீட்டில் தனியாக இருந்தார். ஏசி ரிப்பேருக்குப் போன ஜோஷ்வா அவருக்குச் சிநேகிதனாகிவிட்டான். கம்ப்ரஸரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு பேருக்கும் சோறு தண்ணி வேண்டாம்.

பல வருஷங்களுக்கு முன்னால், நடுக்கடலில் அவருடைய கப்பலின் இன்ஜின் ரூமில் தீப்பிடித்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ஐந்து பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு புகைக்குள் ஏணி தேடி மேலே வந்து சேர்ந்தார்கள். கேப்டன் அன்றைக்கு ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு சுருட்டு கொடுத்தாராம். அதிலிருந்து ஒவ்வொரு கார்த்திகையிலும் அந்த ஐவரும் ஒன்றுகூடி ஆளுக்கு ஒன்று பற்றவைப்பது வழக்கம். இந்தத் தடவை சுருட்டுப் பெட்டியை, ஐவரில் ஒருவரான அச்சரப்பாக்கத்து முத்துசாமி தன் கடைசிப் பயணத்தில் கியூபாவிலிருந்து வாங்கிவந்து, ராமானுஜத்திடம் கொடுத்து வைத்திருந்தார்.

கடற்கரையில் சுருட்டை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. வெயில் காலத்தில் சூடு ஏறினால் அதற்குள்ளேயே வண்டு பொரித்துத் துளை போட்டுவிடும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ராமானுஜம், மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து ஒயின் பாட்டில் வைக்கிற சின்னக் குளிர்பெட்டி ஒன்றை வாங்கிவந்து, "இதைச் சுருட்டுக்கு மாத்திக் கொடு" என்று ஜோஷ்வாவிடம் சொன்னார்.

முதலில் சோதனைக்கு இரண்டு உள்ளூர்ச் சுருட்டை வைத்துப் பார்த்தார்கள். குளிர்ச்சி சரியாக இருந்தது. ஆனால் உள்ளே இருக்கிற குளிர்ந்த தகடு காற்றின் ஈரத்தையெல்லாம் வியர்வையாக இழுத்துப் பின்னாலிருந்த ஓட்டை வழியாக வெளியே விட்டுவிட்டது. சுருட்டு இரண்டும் கொத்தவரை வற்றல் மாதிரி காய்ந்துபோயின. ஜோஷ்வா ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்தான். குளிரைக் குறைத்தான். கம்பித் தட்டுகளை எடுத்துவிட்டுச் சந்தன வேம்புப் பலகையில் தட்டு செய்து போட்டான். மூலையில் ஒரு ஈரப் பஞ்சு. ஈரப்பதத்தைக் காட்ட, கடிகாரம் போல முள் வைத்த ஒரு சின்ன மீட்டர். முத்துசாமி கொடுத்த சுருட்டுகளை உள்ளே அடுக்கினார்கள். "எழுபதை ஒட்டி நிக்கணும். அது போதும்" என்றார் ராமானுஜம்.

அதைச் சொன்ன வாரத்திலேயே நெஞ்சு வலி வந்தது. சென்னைக்குக் கார் ஏறும்போது ஜோஷ்வாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் திரும்பி வரேனோ இல்லையோ, அவங்க நாலு பேரும் வருவாங்கப்பா. சுருட்டு கெட்டுப்போயிருக்கக் கூடாது" என்றார். வீட்டுச் சாவியை அவனிடமே கொடுத்தார்.

மறுநாள் ஜோஷ்வா போய்ப் பார்த்தபோது முள் எண்பத்து நாலில் நின்றது. வெளியே அடைமழை. பஞ்சை எடுத்து வெளியே போட்டான். அடுத்த நாளும் எண்பத்து நாலை ஒட்டியே நின்றது. கதவு ரப்பர் இடுக்கில் கடல் காற்று நுழைகிறதோ என்று புது ரப்பர் மாற்றினான். பிறகு ஈரம் உறிஞ்சுகிற குருணைப் பொட்டலங்களை வாங்கி வைத்தான். முள் மனசில்லாமல் எண்பதுக்குக் கீழே கொஞ்சம் நகர்ந்து அங்கேயே நின்றுகொண்டது. சாரிடம் கேட்கலாமென்றால் அவர் மூக்கில் குழாயோடு கிடக்கிறார். ஜோஷ்வாவுக்குச் சோறு இறங்கவில்லை. எந்த நிமிஷமும் சுருட்டின் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும் என்று பயந்தான், படர்வதாகக் கனவும் கண்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து அவன் மனைவி ரூத்துக்குக் கோபம் வந்தது. ரூத் படூரில் ஒரு கல்லூரி கெமிஸ்ட்ரி லேப்பில் வேலை பார்க்கிறாள்.

"இன்னாய்யா நீ! அவுரு பொழச்சுக்கினாரு, ஊரே சந்தோசமா கீது. நீ மட்டும் எழவு வுழுந்த வூடு மாதிரி குந்திகினு கீற?"

"சுருட்டு போயிடும் ரூத். இன்னா செஞ்சாலும் முள்ளு எறங்க மாட்டேங்குது. நாளைக்கு இன்னும் நாலு பொட்டலம் வாங்கி உள்ள போடப்போறேன்."

"சுருட்டத் தொட்டுப் பாத்தியா? ஈரமா கீதா?"

ஜோஷ்வா யோசித்தான். "தொட்டா நல்லாத்தான் கீது. மீட்டர் தான் ஒத்துக்க மாட்டேங்குது."

"அப்ப மீட்டரு சரியா கீதான்னு பாத்தியா?"

புது மீட்டர். அதைச் சந்தேகப்பட வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"போய் எடுத்துகினு வா" என்றாள் ரூத். "எங்க லேப்ல செய்வாங்க. ஈர உப்பை மூடி வெச்சா உள்ள காத்து எழுபத்தஞ்சுலதான் நிக்கும். மழையோ வெயிலோ, அது மாறாது."

மழையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய் மீட்டரைக் கொண்டுவந்தான். ரூத் ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டு, சேறு மாதிரி குழைத்தாள். முறுக்கு வைத்திருந்த டப்பாவைக் காலி செய்து துடைத்து, மூடியையும் மீட்டரையும் உள்ளே வைத்து இறுக்க மூடினாள். "காலைல வரைக்கும் தொறக்காத" என்று சொல்லி, டப்பாவைத் தன் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் இரண்டு பேரும் டப்பாவின் கண்ணாடிப் பக்கத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். எழுபத்தைந்தில் நிற்க வேண்டிய முள் எண்பத்தெட்டில் நின்றது.

"பதிமூணு ஜாஸ்தி காட்டுது" என்றாள் ரூத்.

ஜோஷ்வா விரல் விட்டுக் கணக்குப் போட்டான். அப்படியென்றால் எண்பத்து நாலு என்று அவன் பதறிய முதல் நாளே உள்ளே ஈரம் எழுபத்தொன்றுதான். அவன் செய்த பெட்டி முதல் நாளிலிருந்தே சரியாக இருந்திருக்கிறது. அவன் நினைத்தபடி முள் எழுபதுக்கு இறங்கியிருந்தால்தான் சுருட்டு காய்ந்து, சுற்றியிருந்த இலை வெடித்துப் போயிருக்கும். இன்னும் நாலு பொட்டலம் வாங்காமல் போனானே, அதுதான் காப்பாற்றியது.

அவன் அப்படியே தரையில் மல்லாந்து படுத்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"லூசாய்யா நீ?" என்றாள் ரூத். அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "ஏந்திரி, இட்லி வெக்கிறேன். பத்து நாளா ஒயுங்கா துன்னல நீ."

எட்டு இட்லி சாப்பிட்டான். பிறகு டப்பாவைத் திறந்த கையோடு மீட்டரின் முதுகிலிருந்த சின்னத் திருகைத் திருகி முள்ளை எழுபத்தைந்துக்குக் கொண்டுவந்தான். தேவனேரிக்குப் போய்ப் பொட்டலங்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுப் பஞ்சை நனைத்துப் பிழிந்து மறுபடி மூலையில் வைத்தான். இரண்டு நாளில் முள் எழுபதுக்கு வந்து, சாதுவாக உட்கார்ந்துகொண்டது.

கார்த்திகைக் கடைசியில் ஐந்து பேரும் வந்தார்கள். ராமானுஜம் பாதி ஆளாக இளைத்து, ரோகிணியின் தோளைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். மற்ற நால்வரும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். ரூத்தும் வந்திருந்தாள். கடலைப் பார்த்து முற்றத்தில் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள்.

முத்துசாமி ஒரு சுருட்டை எடுத்துக் காதோரம் வைத்து, இரண்டு விரலால் மெல்ல உருட்டினார். சத்தமே இல்லை. காய்ந்திருந்தால் சருகு மாதிரி நொறுங்குகிற சத்தம் கேட்கும்.

"இன்னா அண்ணாத்த இது, நேத்து சுத்துன மாதிரி கீது!" என்றார் முத்துசாமி. "கியூபால வாங்கினப்ப கூட இவ்ளோ பதமா இல்ல."

நான்கு பேரும் பற்றவைத்தார்கள். ராமானுஜத்துக்கு டாக்டர் தடை போட்டிருந்தார். அவர் தன்னுடைய சுருட்டை மூக்கின் கீழ் வைத்து, கண்ணை மூடி, நெடுநேரம் முகர்ந்தார். பிறகு, "எப்படிப்பா பார்த்துக்கிட்ட இவ்வளவு நாளும்?" என்று கேட்டார்.

ஜோஷ்வா மீட்டர் கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். புது ரப்பர் மாற்றியது, கனவு கண்டது, முறுக்கு டப்பா, ரூத்தின் உப்பு எல்லாவற்றையும். ராமானுஜம் சிரிக்க ஆரம்பித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்ப்பா, தையல் இழுக்குது... அம்மா ரூத், நீ மட்டும் அன்னைக்கு அந்தக் கேள்வியைக் கேக்காம இருந்திருந்தா, இவன் எல்லாத்தையும் வற்றல் போட்டிருப்பான்."

"வற்றல் போட்டிருந்தா கொழம்புல போட்டிருக்கலாம் சார்" என்றாள் ரூத். முத்துசாமிக்குப் புகை புரையேறி இருமல் வந்துவிட்டது.

திடீரென்று தூறல் விழுந்தது. எல்லோரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். ராமானுஜமும் எழுந்து தன் நாற்காலியில் கை வைத்தார். "நீ நட சார், நான் எடுத்துகினு வரேன்" என்று ஜோஷ்வா நாற்காலியை வாங்கிக்கொண்டான். அவரும் பேச்சை மீறாமல் நடந்தார். நாலு அடி நடந்துவிட்டு நின்று, அண்ணாந்து, முகத்தில் மழை விழ விட்டுக்கொண்டார். ரோகிணி உள்ளேயிருந்து கத்தினாள். அவர் அவசரப்படவில்லை.