மெல்ல ஊதும் கலை

இசைக்குழுவில் அவருக்கு ‘சைரன்’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ட்ரம்பெட் வாசிக்கிறார். அவர் ஊத ஆரம்பித்தால் மண்டபத்தின் கடைசி வரிசையில் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார் என்பது அவருக்கே பெருமை.

ஒரு கச்சேரி முடிந்து ஸ்பீக்கரை வேனில் ஏற்றும்போது அதன் முனை வாயில் இடித்தது. முன்பல் போயிற்று. பல் டாக்டர் புதுப்பல் கட்டினார். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் அது பழைய பல்லைவிட ஒரு மயிரிழை பெரிது; ஊதுவாயில் உதடு பழையபடி படியவில்லை. வீட்டில் ட்ரம்பெட்டை எடுத்து ஊதினால் குக்கரிலிருந்து ஆவி போகிற மாதிரி ‘புஸ்’ஸென்று காற்றுதான் வந்தது.

தினமும் காலை ஒன்பது மணிக்கு மூச்சைப் பிடித்து ஊதித் தள்ளினார். காற்றோடு நடுநடுவே பிளிறலும் வர ஆரம்பித்தது. நான்காம் நாள் கீழ்வீட்டு நர்ஸ், கண் சிவக்க மேலே வந்து கதவைத் தட்டினாள்.

“அண்ணே, நைட் டியூட்டி முடிச்சு இப்பதான் படுத்தேன். நிறுத்தச் சொல்லல. கொஞ்சம் மெல்ல ஊதுனா போதும்.”

அவள் போனதும் மனைவி சிரித்தாள். “இதைத்தான் நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன்.”

மெல்ல ஊதிப் பார்த்தார். ஸ்வரம் நடுங்கி உடைந்தது. பல்லின் மேல் பழியைப் போடலாம் என்று நினைத்தார், மனசு ஒப்பவில்லை. பல் இருந்த காலத்திலும் அவருக்கு மெல்ல வாசிக்க வராது. வராததைச் சத்தத்தால் மூடிக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டியாயிற்று.

மறுநாள் பீரோவைத் திறந்து, மனைவியின் புடவைகளுக்குள் ட்ரம்பெட்டை நீட்டி ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊதினார்; ஸ்வரம் உடையாமல் ஆறு வினாடி நின்றது. ஒரு மாதத்தில் பதினைந்து ஆயிற்று. நான்காம் மாதம் முப்பதைத் தொட்ட அன்று சாயங்காலம், படியில் நர்ஸ் கேட்டாள். “என்னண்ணே, வாசிக்கிறதையே விட்டுட்டீங்களா?” அவருக்கு விருது வாங்கின மாதிரி இருந்தது.

மறுபடி மேடை ஏறியது ஒரு திருமண வரவேற்பில். மெதுவான பழைய பாட்டு. அவர் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. வழக்கமாகக் கூரை அதிரும் இடம். அன்று மெல்லிய குரலில் ஒருவர் பேசுவது போல வாசித்தார். பந்தியில் ஸ்பூன் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. டிரம்ஸ் வாசிக்கும் மைத்துனன்தான் திணறிப்போனான். அவன் குச்சி பட்ட இடமெல்லாம் பாத்திரக்கடை உருண்ட மாதிரி கேட்டது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டி ஒருவழியாகப் பாட்டை முடித்தான்.

கைதட்டல் ஓய்ந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன மாமா, இப்படி என்னைக் காட்டிக் கொடுத்துட்டீங்களே!”

“நான் என்னடா பண்ணேன்?”

“இவ்வளவு நாளா உங்க சத்தத்துக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு நான் விட்ட தப்பெல்லாம் எனக்கே கேட்டுச்சு. நாளைக்கு காலையில நானும் வரேன், வீட்டுக்கு.”

வரவேற்புக்குக் கூட வந்திருந்த அவர் மனைவி தம்பியிடம் குறுக்கிட்டாள். “நீ வா. உன் டிரம்ஸ் வரக் கூடாது.”

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து நின்றான். கையில் இரண்டு குச்சி; தட்டிப் பழக, அக்குளில் ஒரு தலையணை.