வலது கதவில் இரண்டு துளை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போனேன், சாப்பாடு தாமதமானது, அதனால் கிடைத்தது. அமரவிளையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பழைய மிஷன் கோயில், அதாவது சர்ச். (பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஊர்க் கமிட்டிக்காரர்கள் கதை படிக்காவிட்டாலும் கடிதம் எழுதுவார்கள்.) அங்கே எந்தப் பாட்டாக இருந்தாலும் கடைசி வரியை இரண்டாம் முறை பாடிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நான் முதல் முறையிலேயே உட்கார்ந்து அசடு வழிந்தேன்.

பந்தியில் பக்கத்து இலை ஷியாமளா டீச்சர். வயது எழுபதுக்கு மேல், கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஏன் இரண்டு முறை என்று கேட்டேன்.

“அதுவா? எங்க அப்பாக்கு வண்டியில சைடு கண்ணாடி இல்லாத்ததினால ஆக்கும்,” என்றார், பப்படத்தை நொறுக்கிக்கொண்டே.

இப்படி ஒரு பதிலைக் கேட்ட பிறகு பாயசத்தில் மனம் செல்லுமா? சென்றது. ஆனால் மறுநாள் காலையிலேயே அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“1954. எல்லைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த அந்த—” [வேண்டாம். எரியாத போராட்டம் எந்தக் கதையில் இருக்கிறது?]

“நெய்யாற்றின் மேல் விடிந்தபோது அந்தக் கார்—” [ஆற்றை விடு. கார் ஆற்றுக்குப் போகவே இல்லை.]

நேராகச் சொல்லிவிடுகிறேன். மலையாள சர்க்காரின் கீழிருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கமும், விடமாட்டோம் என்று மறுபக்கமும் கொடி பிடித்த ஆண்டு அது. அமரவிளையில் தாணு பிள்ளை என்று சைவர் ஒருவர், திருவனந்தபுரம் சர்க்கார் ஆபீஸில் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர். சீமைக்குத் திரும்பக் கிளம்பிய வெள்ளைக்கார எஸ்டேட் துரையிடமிருந்து இருபது வருஷப் பழைய கார் ஒன்றை வாங்கினார்.* எஞ்சின் நன்றாக இருந்தது, தகரம் எல்லாம் துரு. தகரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஆஞ்சிலி மரப் பலகையில் புது உடம்பு கட்டச் சொன்னார். படம் அவரே வரைந்தது, ஆபீஸ் ஃபாரங்களின் பின்பக்கத்தில், அடி ஸ்கேல் வைத்து. பதினோரு மாதம் வேலை நடந்தது. மூன்று கை வார்னிஷ். அந்த வருஷம் ஊரில் மலையாளிகளும் தமிழர்களும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அந்த வண்டி அழகு என்பதுதான்.

(*எந்தக் கம்பெனி என்று எழுதமாட்டேன். எழுதினால் பழைய கார் வைத்திருப்பவர்கள் வந்து, அந்த மாடலுக்கு ஹெட்லைட் இப்படி இருக்காதே என்பார்கள். அவர்களோடு எனக்கு முன் அனுபவம் உண்டு.)

3

வண்டியை ஓட்டியவர் விஜயதாஸ், ஷியாமளாவின் அப்பா. நல்ல மெக்கானிக், கோயில் கொயரில் பெரிய குரல். அந்த வேலைக்கு வருமுன் ஒரு வர்க்‌ஷாப்பில் லாரி ட்யூபுக்குக் காற்றடிக்கும்போது அது வெடித்து, வலது காது போய்விட்டது. சபையில் எல்லோருக்கும் தெரியும். தாணு பிள்ளைக்கு மட்டும் தெரியாது. அவர் எப்போதும் முன்சீட்டில் இடப்பக்கம் உட்காருவார், சொல்வதெல்லாம் விஜயதாஸின் நல்ல காதில் விழும்.

தெரிந்தால் வேலை போய்விடும். செவிடனிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? ஆனால் முந்த வருகிற பஸ் ஹார்ன் அடிப்பது வலது ஜன்னல் பக்கம். அது அவருக்குக் கேட்காது. அந்த மாதம் தாணு பிள்ளையின் மகள் பகவதி பிரசவத்துக்கு வந்திருந்தாள், எந்த நாளும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஆகவே விஜயதாஸ் காரணத்தை விழுங்கிவிட்டு மீதியைக் கேட்டார்.

“சாறே, வலத்த பக்கம் கண்ணாடி ஒண்ணு போடட்டா? பின்னால வாறது தெரியும்லா.”

“பின்னால வாறவனுக்குக் கண்ணு உண்டுல்லா? அவன் பாக்கட்டு.”

“இப்பம் ரோட்டுல பஸ்ஸு கூடுதலு சாறே.”

“எலே, ஆஞ்சிலியில துளை போட்டா வெடிச்சுப் போவும். பின்னே, என் படத்துல கண்ணாடி உண்டா?”

இல்லை. ஷியாமளாவும் அதை ஒப்புக்கொண்டார்.

நியாயமாகச் சொன்னால் எனக்கும் தாணு பிள்ளை பக்கம் ஒரு சாய்வு இருக்கிறது. வழவழவென்று ஓடிவரும் ஒரு கோட்டின் நடுவில் தட்டுப்போல ஒன்று நீட்டிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? இந்தக் கதையில் நான் செருகும் அடைப்புக்குறிகளே பாருங்கள், எப்படி உறுத்துகின்றன.

4

கேட்ட காலம் சரியில்லை. போராட்ட நாளில் ஒரு மனிதன் பின்னால் பார்க்க ஆசைப்பட்டால் ஊர் சும்மா இருக்குமா? முதலில் டீக்கடை சோமன், பின்னால் யாரைக் கண்டு பயம் என்று மலையாளத்தில் தொடங்கினார்.

“விஜயதாஸே, பின்னில் ஆரெயா பேடி?”

மாலைக்குள் வண்டியில் துண்டு நோட்டீஸ் போகிறது, போலீஸ் ஜீப்பை நோட்டமிடத்தான் கண்ணாடி என்றாகிவிட்டது. மறுநாள் தமிழ்க் கட்சிக்காரர் இருவர் சலூன் கண்ணாடி ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு நன்கொடையாகவே வந்தார்கள். அதன்பின் ஒரு கான்ஸ்டபிள் வந்து வெற்றுக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு கூட்டம் வேறு கணக்குப் போட்டது: நாகர்கோவிலுக்குப் போகும்போது கண்ணாடியில் திருவனந்தபுரம் தெரியும், திருவனந்தபுரம் போகும்போது நாகர்கோவில் தெரியும். அப்படியானால் தாணு பிள்ளை எந்தக் கட்சி?

தாணு பிள்ளை நடுங்கிப்போனார். “இனி கண்ணாடிண்ணு வாய் தெறந்தா நீ வேற வேலை பாத்துக்கோ,” என்றுவிட்டார்.

[இந்தப் பகுதி வேண்டுமென்றே கொஞ்சம் நீண்டது. சிரிப்பு வந்தால் விடமாட்டேன், அது என் குணம்.]

5

ஷியாமளாவிடம் இதுவரை படித்துக்காட்டினேன். “எங்க அம்மை எங்க?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ரத்னபாயை நான் எழுதவே இல்லை. “மனைவி கண்ணீரோடு—” என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன், அதையும் சொன்னேன். “அம்மை கரையிய ஆளு இல்ல மக்கா. அடிச்சு எழுதும்,” என்றார். கண்ணீரை அடித்துவிட்டேன்.

நடந்தது இது. சபையில் ஒரு கல்யாணம். பெண்ணைக் கொண்டுவர வண்டி கொடுத்த மரியாதைக்குத் தாணு பிள்ளையை முன்பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். விஜயதாஸ் கொயரில் எப்போதும் வலது ஓரத்தில் நிற்பார், மற்றவர்கள் பாடுவது இடது காதில் விழும். அன்று கூட்டம் நெரித்து அவரை இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. எல்லாக் குரலும் செத்த காதின் பக்கம். நல்ல காதில் அவருடைய குரல் மட்டும். அதுவோ சின்னக் குரல் இல்லை. பாட்டு முடிந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரும் இன்னும் பாடுகிறார்கள் என்ற நினைப்பில், விஜயதாஸ் மட்டும் கடைசி வரியை மறுபடி எடுத்தார்.

தாணு பிள்ளை தலையைத் திருப்பினார்.

அந்த நொடியில் பெண்கள் பக்கத்திலிருந்து ரத்னபாய் அதே வரியைப் பிடித்தார், தெரிந்தே பாடுகிறவர்போல நிமிர்ந்து நின்று. கொயர் மாஸ்டர் ராபின்சன் ஒரு கணம் விழித்தார், புரிந்தது, கையை உயர்த்தினார். முழுச் சபையும் எழுந்து கடைசி வரியை இரண்டாம் முறை பாடி முடித்தது. போதகர் உட்பட.

“உங்க ஆளுவ கடைசி வரிய ரெண்டு மட்டம் பாடுவியளோ?” என்று தாணு பிள்ளை வாசலில் கேட்டார்.

“எங்க முறை அப்படியாக்கும் சாறே,” என்றார் ராபின்சன்.

தாணு பிள்ளை வீடு கோயிலுக்கு எதிர்வரிசையில். முறை என்று சொல்லிவிட்டபிறகு அடுத்த ஞாயிறும் பாடாமல் இருக்க முடியுமா? அன்று தொடங்கியதுதான்.

ரத்னபாய் அதோடு விடவில்லை. அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் புருஷனின் இடப்பக்கமாக நடந்துகொண்டு சொன்னாராம்: “ஒரு சபையே உங்களுக்கு வேண்டி பொய்யா பாடியாச்சு. பகவதியை அந்த வண்டியில ஏத்துததுக்கு முன்ன ரெண்டு துளை போட உங்களுக்கு ஒக்காதா?”

6

மறுநாள் காலை. பழைய லாரியில் கழற்றிய வட்டக் கண்ணாடி விஜயதாஸின் மடியில் இருந்தது. வலது கதவுக்கு முன்னால் குத்தவைத்துக் கைத்துரப்பணத்தால் ஒரு துளை போட்டார். ஆஞ்சிலி வெடிக்கவில்லை. இரண்டாவதும் போட்டார். ஊதித் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், வண்டியின் முன்புறம், அவருக்கு வலப்பக்கத்தில், தாணு பிள்ளை நிற்கிறார். வாய் அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்லி முடித்திருக்கிறார்.

என்ன சொன்னார்?

“துளைய அடைச்சு வச்சிட்டுப் போயிரு” [எழுதி அடித்தது]. “எனக்குத் தெரியும்லே, மாட்டு” [இதையும் அடித்தேன். இது என் ஆசை, அவருடைய பேச்சில்லை]. ஒரு விபத்தைக்கூட யோசித்தேன். பகவதியை வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. (பகவதிக்கு ஆண் குழந்தை, நல்லபடி. எந்த வண்டியில் போனாள் என்று தெரியாது.)

இந்தக் கதை விஜயதாஸ் சொல்லி ஷியாமளாவுக்கு வந்தது, அவர் சொல்லி எனக்கு. விஜயதாஸ் கேட்காத வாக்கியம் எனக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்?

அதற்குப் பிறகு நடந்ததையும் அவர் மகளிடம் சொன்னதில்லை. தடயம் இரண்டு இருக்கிறது. 1956இல் எல்லை கீறியபோது தாணு பிள்ளை வண்டியோடு தெற்கே போய்விட்டார். அவர் பேரன் வீட்டில் வண்டியின் போட்டோ ஒன்று பார்த்தேன். கதவில் இரண்டு துளை, கண்ணாடி இல்லை. எடுத்த தேதியும் இல்லை. ஓட்டுநர் ஜன்னலில் ஒரு முழங்கை மட்டும். ஷியாமளாவிடம் காட்டினேன். “முழங்கைய வச்சு அப்பாவ எப்படித் தெரிய?” என்றார். மற்றது, ஷியாமளாவுக்கு நினைவு தெரிந்த காலத்தில் விஜயதாஸ் பாறசாலையில் சொந்தமாக வர்க்‌ஷாப் வைத்திருந்தார். வருகிற வண்டி எதுவானாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு கண்ணாடி மாட்டித்தான் அனுப்புவாராம்.

ஆகவே அந்த வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

[                                        ]

எழுதும் முன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். “என்ன சொன்னீங்க சாறே?” என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டால் காது தெரிந்துவிடும். மடியில் கண்ணாடியோடு அவர் தாணு பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

“செரி சாறே,” என்றார் விஜயதாஸ்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள், இந்தச் சபையின் முறை உங்களுக்குத் தெரியும்.

“செரி சாறே,” என்றார் விஜயதாஸ்.