ஒரு சொட்டும் சிந்தாதவர்

தண்ணீர் லாரிக்காரர் வண்டி ஓட்டிய காலத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தியதில்லை. வேகத்தடை வந்தால் தொட்டியிலிருக்கும் தண்ணீரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இப்போது வயிற்றுக்குள் இருப்பதுதான் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் அது கதிரின் வழியிலிருந்து ஒதுங்கி நிற்கும். நேற்றும் முந்தாநாளும் அவர் பாதியிலேயே கழிப்பறைக்கு ஓடிவிட்டார்.

"இன்னிக்கும் அடக்க முடியலைன்னா குழாய்தான் வைக்கணும் ஐயா," என்று கதிர் அறைப் பெண் சிரித்தபடியே சொல்லியிருந்தாள்.

இயந்திரமோ மக்கர் பண்ணியது. காத்திருந்த இடத்தில் அவரும், அவருடைய மகன் வயதிலிருந்த முடிதிருத்துபவரும் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குப்பா இந்த நோய்?"

"எல்லாத்தையும் பெரியவங்களே அனுபவிச்சா எப்படி?"

ஒருவழியாக இயந்திரம் சரியானது. முடிதிருத்துபவரின் முறை. அவர் லாரிக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க முதல்ல போங்க."

"நீ தாங்குவியா?"

"நானா? நாள் பூரா நின்னுக்கிட்டே முடி வெட்டறவன். போங்க பெரியவரே!"

லாரிக்காரர் படுத்தார். இயந்திரம் சோம்பேறி நிலாவைப் போல அவரைச் சுற்றி வந்தது. வயிற்றுத் தண்ணீர் மெல்ல உயர்ந்து ஏரியானது. சுவர்கள் கரைந்தன. கட்டில் மிதந்தது. இரண்டு வாத்துகள் அவரிடம் வழி கேட்டுப் போயின. தூரத்துக் கரையில் அவருடைய லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. அலை எழும்பிவிடுமோ என்று அவர் மூச்சைக்கூடச் சிறுகச் சிறுக விட்டார்.

"அசையாதீங்க ஐயா," என்றது ஏரிக்கடியிலிருந்து ஒரு குரல்.

"நான் அசையலம்மா. வாத்துதான்."

"முடிஞ்சுது. இன்னிக்கு அருமையா அடக்கிட்டீங்க!"

அவர் கழிப்பறைக்குப் பறந்தார். கதவு சாத்தியிருந்தது.

"யாருப்பா உள்ளே?"

"நான்தான்," என்றார் முடிதிருத்துபவர்.

"தாங்குவேன்னியே!"

"அப்படிச் சொல்லலைன்னா நீங்க போயிருப்பீங்களா?"

"பாராட்டெல்லாம் அப்புறம். முதல்ல கதவைத் தொறடா ராசா!"

முடிதிருத்துபவர் மறுபடி முதலிலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. லாரிக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு தடவை பாலைவனத்துல மாட்டிக்கிட்டேன்பா. சுத்தி எங்கயும் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது..."