கறுத்த வரி

புதிய கணினியில் பழைய மெயில் புரோகிராம் ஓடாது என்று ஹட்டன் கடைக்காரர் ஜீவராஜ் சொன்னார்.

"புது மருமகளும் பழைய மாமியாரும் மாதிரி டீச்சர். ஒரே அடுப்புல வச்சா சரிவராது. ரெண்டு புரோகிராம் போட்டுக் காட்டுறேன், எது ஒத்துப்போகுதோ அதை எடுத்துக்குங்க."

வாசிகசாலையைக் கவனித்துக்கொள்ளும் ஷெரோமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றில் எங்கு பார்த்தாலும் நிறங்கள். மற்றதில், அக்கரப்பத்தனை வாசிகசாலையின் பழைய கணினியில் இருந்ததைப் போலவே, வாசிக்காத மெயில் கறுத்த எழுத்தில் ஒரு வரியாகத் தெரிந்தது. அதைத்தான் கேட்டாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும், எழுத்துத் தெரியாத காளியாயிக்குக்கூட அந்தக் கறுத்த வரி தெரியும். பழைய கணினியை ஜீவராஜ் மாற்றுக்கு எடுத்துக்கொண்டார்.

தேயிலைத் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் ஆபீசில் கிடக்கும். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வாசிகசாலைக்குக் கணினி வந்தபோதும் சனங்கள் அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு மெயில் முகவரி எடுத்துத் தருவதாக ஷெரோமி சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் அது தேவைப்படவில்லை. வாசிகசாலையின் முகவரி தோட்டத்தின் அந்த டிவிஷன் முழுவதற்கும் முகவரியானது. தலைப்பில் லயம் என்கிற வீட்டு வரிசையையும் ஆளின் பெயரையும் போட்டு வெளிநாட்டிலிருந்து எழுதுவார்கள். மாலையில் ஷெரோமி வாசலில் நின்று பெயர் கூப்பிடுவாள். இத்தனை பேருக்கும் ஒரே பெட்டி என்பதால் அது அடிக்கடி நிரம்பிவிடும். அதனால், வரும் மெயிலைத் தனக்குள் இழுத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து அழித்துவிடும்படி பழைய கணினியில் வைத்திருந்தார்கள்.

காளியாயியின் மகள் சுலக்ஷனா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அவளுடைய போனை மேடம் வாங்கி வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில், அந்த வீட்டுப் பிள்ளையின் கணினி கைக்குக் கிடைத்தால் சுலக்ஷனா எழுதுவாள். கடைசியாக வந்த மெயிலில் இருந்தது இவ்வளவுதான்: "வீடு மாறப் போறாங்க. புது வீட்டு அட்ரஸ் தெரிஞ்சதும் எழுதுறேன். அதைக் குடுத்தாத்தான் எம்பசில இருந்து வந்து என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. அம்மாவை அழ வேணாம்னு சொல்லுங்க டீச்சர்."

புதிய கணினி வந்த நாளிலிருந்து காளியாயி பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு வாசிகசாலைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"வந்திருச்சாங்களா டீச்சர்?"

"இன்னும் இல்லக்கா."

"பொட்டி பெருசாத்தான் வாங்கியிருக்கீங்க. உள்ளதான் ஒன்னையும் காணோம்."

அன்று இருவரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த வெள்ளியும் போயிற்று. பிறகு காளியாயி கேட்பதை நிறுத்திவிட்டாள். வந்து திரையைப் பார்ப்பாள், போவாள். எவர் பெயரையுமே கூப்பிட்டு வெகு நாளாகிறது என்பது ஷெரோமிக்கு உறைத்தது அப்போதுதான். தான் எடுத்த புரோகிராம் ஒத்துவரவில்லை என்று நினைத்தாள். கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினாள்.

ஜீவராஜ் மற்றப் புரோகிராமைப் போட்டுப் பார்த்தார். நிறங்கள் வந்தன, மெயில் வரவில்லை. தன் போனிலிருந்து ஒன்று அனுப்பினார்.

"போயிருச்சுன்னுதான் காட்டுது டீச்சர். இங்க மட்டும் காணோம்."

வெளியே பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"பழைய கம்ப்யூட்டர் எங்கங்க?" என்றாள் ஷெரோமி.

"அதை வித்துட்டேனே. மரக்கறி லொறிக்காரர் ஒருத்தர். ராகலைப் பக்கம்னு சிங்களத்துல சொன்னாரு."

"உள்ள இருந்ததை எல்லாம் அழிச்சுட்டுத்தானே குடுத்தீங்க?"

அவர் கண்ணாடி மேசையைத் துடைத்தார். "லொறிய ரோட்டுல நிப்பாட்டிட்டு அவசரப்படுத்தினாரு டீச்சர். அப்படியே தூக்கிக் குடுத்துட்டேன்."

அந்தக் கணினியைப் போட்டாலே மெயில் புரோகிராமும் தானாகத் திறக்கும். பாஸ்வேர்டு அதற்குள்ளேயே இருக்கிறது. வருகிற எல்லாவற்றையும் அது முதலில் இழுத்துக்கொண்டு, பெட்டியைத் துடைத்துவிடுகிறது. இரண்டு புரோகிராமிலும் பிழை இல்லை.

"அவரு நம்பர் இருக்கா?"

"இல்லையே டீச்சர். விசாரிச்சுப் பாக்குறேன்."

ஷெரோமி முதலில் எடுத்த புரோகிராமையே மறுபடி போட்டு, பாஸ்வேர்டை மாற்றினார்கள். ஜீவராஜ் இன்னொன்று அனுப்பினார். உடனே வந்தது.

மறுநாள் மாலை காளியாயி உள்ளே வந்ததும் திரையைப் பார்த்தாள். ஜீவராஜ் அனுப்பிய மெயிலை முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும் என்று ஷெரோமிக்கு அப்போதுதான் தோன்றியது.

"கறுப்பா இருக்கு! வந்திருச்சு டீச்சர்!"

"அது கடைக்காரர் அனுப்புனதுக்கா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காளியாயி ஏசவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள்.

"அப்ப எம்புள்ள எழுதிட்டா."

"எழுதியிருக்கலாம்."

"எழுதிட்டா டீச்சர். சொன்னா செய்யிறவ அவ. அந்த லொறிக்காரருக்கு நம்ம பாஷ வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்."

எம்பசிக்கு அன்று காலையே பேசியாயிற்று. அவர்கள் கேட்டதும் விலாசத்தைத்தான். மறுபடி எழுதும்படி சுலக்ஷனாவுக்கும் மெயில் போட்டாயிற்று. வீடு மாறியிருந்தால் அந்தப் பிள்ளையின் கணினி அவள் கைக்கு எட்டுமா, எட்டினாலும் ஒரு முறை எழுதியதை மறுபடி ஏன் கேட்கிறார்கள் என்று யோசிக்க அவளுக்கு நேரம் இருக்குமா? ஷெரோமி இதையெல்லாம் சொல்லவில்லை. இருவரும் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூட்டுகிற நேரமாயிற்று. ஷெரோமி சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"அணைக்காதீங்க டீச்சர். இது தூங்குனா வர்றதெல்லாம் அங்க போயிரும்."

"இனிப் போகாதுக்கா. பாஸ்வேர்டை மாத்தியாச்சு."

"சரிங்க டீச்சர்," என்றாள் காளியாயி. ஆனால் சுவிட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போகாது என்று ஷெரோமிக்குத் தெரியும். ஆனாலும் அணைக்காமல் கையை எடுத்துக்கொண்டாள். கதவைப் பூட்டியபோது, ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் காளியாயி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் புதிதாக எந்த வரியும் கறுக்கவில்லை.