ஊசி போகும் சத்தம்

அன்று மதியம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள்: கணினி முன்னால் ஒலிப்பதிவுக்காரி; அவள் முதுகுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த இயக்குநர்; கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் அறையில், வெறுங்காலோடு தபால்காரர்; சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தபால்காரருடைய மனைவியின் தம்பி. கடைசி ஆளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மாமாவை வண்டியில் கொண்டுவந்து விட வந்தவன், ஏசி நன்றாக இருக்கிறதென்று தங்கிவிட்டான்.

தபால்காரருக்குத் தொழில் நடிப்பு. படத்துக்குப் படம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கதைகளில் கடிதம் நின்றுபோன பிறகு கொரியர் கொடுத்தார். ஒரு வேடத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே சும்மா உட்கார்ந்தால் மண்டை காயும் என்று கண்டதையும் கற்றுக்கொண்டார். நடிக்கக் கொடுத்த சட்டையெல்லாம் அக்குளில் பிடித்ததால் தையல். அப்புறம் அடுத்தவர் வாய்க்குக் குரல் கொடுப்பது. அப்புறம் இந்த வேலை: திரையில் எவனோ நடப்பான், இவர் இங்கே காலடிச் சத்தம் போடுவார். எதிலும் கொடிகட்டிப் பறக்கவில்லை. எதிலும் அவரைத் திருப்பி அனுப்பவும் இல்லை.

சத்தம் போட வந்திருந்த இந்தப் படத்தில் அவர் நடித்தும் இருந்தார். ஒரே காட்சி, வசனம் கிடையாது. ஊரைவிட்டுப் போகிற மகனின் சட்டைக் காலரை அப்பா தைக்கிறார். இத்தனை வருடத்தில் கையில் கடிதம் இல்லாமல் அவர் திரையில் வருவது இதுதான் முதல் தடவை.

இயக்குநர் பேச்சோடு பேச்சாக மைக்கில் சொன்னார்: "அண்ணே, அந்தத் தையல் சீன் வேணாம், தூக்கிடறேன். அடுத்ததுக்குப் போயிடலாம்."

தபால்காரர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "ஏன் தம்பி, நான் சரியா பண்ணலையா?"

"நீங்க நல்லாத்தான் பண்ணிருக்கீங்க. அன்னைக்கு ஜெனரேட்டர் போட்ட இரைச்சல்ல சத்தம் ஒண்ணுமே தேறல. இப்ப ஊமைப்படம் மாதிரி செத்துக் கிடக்கு."

"ஒரு தடவை நான் சத்தம் போட்டுப் பாக்கறேன்."

"ஊசி போற சத்தம் யாருக்குண்ணே கேக்கும்?"

"எங்கக்கா கத்தறதே மாமாவுக்குக் கேக்காது," என்றான் மச்சினன். "ஊசியா கேக்கப் போகுது!"

"நீ வாய மூடு மாப்ள."

ஒலிப்பதிவுக்காரி திரும்பாமலே சொன்னாள்: "ஒரு டேக் எடுத்துட்டுத் தூக்குங்க சார். சீன் எங்கயும் ஓடிடாது."

சட்டையில் தைத்தால் மைக்கில் ஒன்றும் விழாது. தபால்காரர் பையைக் கிளறிக் கித்தான் துண்டும் கோணி ஊசியும் மெழுகு தேய்த்த நூலும் எடுத்தார். திரையில் அவரே வந்தார். தன் முகத்தைப் பார்த்ததும் புத்தி கெட்டது. நூலை இழுத்தபோது பெருமூச்சு விட்டார். நாற்காலியை முனக வைத்தார். தொண்டையைச் செருமினார். தையலுக்குத் தையல் ஒரு தகப்பன் அழாமல் அழுதான். முடித்து நிமிர்ந்தபோது அவருக்கே கண் கலங்கியிருந்தது.

"அண்ணே," என்றாள் ஒலிப்பதிவுக்காரி, "சீன்ல யாருக்காவது மூச்சுத்திணறலா?"

மச்சினன் சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து உருளாத குறை.

"அப்பா மனசும்மா அது."

"அதான் முகத்துல இருக்கே. அதையே எதுக்கு மறுபடி நடிக்கறீங்க? உங்க கை அங்க என்ன பண்ணுதுன்னு பாருங்க."

சத்தமில்லாமல் ஓடவிட்டாள். தபால்காரர் பார்த்தார். படப்பிடிப்பில் அவர் நிஜமாகவே தைத்திருந்தார், கிழிந்த காலர் கையில் இருந்தால் வேறென்ன செய்வது. அந்தக் கைக்குத் துக்கப்பட நேரமில்லை. பேருந்து வருவதற்குள் முடிக்க வேண்டும். விறுவிறுவென்று ஓடியது. காலர் மடிப்பில் துணி தடித்த இடத்தில் ஊசி நின்றது, கட்டைவிரல் அழுத்தியது, மறுபடி ஓட்டம்.

"எடும்மா," என்றார்.

இந்தத் தடவை மூச்சை அடக்கிக்கொண்டு தைத்தார். சர், சர், சர். மடிப்பில் ஒரு தடங்கல், கித்தானைக் குத்தி வெளியே வந்த ஊசியின் சின்ன 'டப்'. கடைசியில் பல்லால் நூலை நறுக்கென்று கடித்தார்.

போட்டுக் கேட்டார்கள். நடந்துகொண்டிருந்த இயக்குநர் நின்றுவிட்டார். மச்சினன் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மாமா, எங்கக்கா பட்டன் தைக்கும்போது இப்படியேதான் கடிக்கும்."

"அவகிட்டதானே கத்துக்கிட்டேன். தைக்கறத விடக் கடிக்கறதுல கெட்டிக்காரி."

"அக்காகிட்ட சொல்றேன் இருங்க."

"இன்னொரு தடவை போடுங்க," என்றார் இயக்குநர். போட்டாள். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "இருக்கட்டும். வெச்சுக்கலாம்."

தபால்காரர் ஊசியைக் கித்தானில் குத்தி வைத்தார். அப்போதே வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போயிருப்பார்.

ஆனால் இயக்குநருக்கு இப்போது அந்தக் காட்சியின் மேல் காதல் வந்துவிட்டது. மைக் அறைக்குள்ளேயே ஓடி வந்தார். "அண்ணே, முடிவுல ஒரு விசும்பல் வெச்சா? லேசா. இல்லன்னா ஒரு இருமல். அப்பான்னா இருமுவாருல்ல? தூரத்துல ஒரு நாய் குரைக்குது..."

"தம்பி, இருமலெல்லாம் நான் முதல்லயே போட்டுப் பாத்தாச்சு."

"நாயாவது?"

தபால்காரர் அவர் தோளில் கைபோட்டு, கல்யாண வீட்டில் பெரிய மனிதரைப் பந்திக்கு அழைத்துப்போகிற பதமையோடு வாசலைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். "கதாநாயகன் நடக்க வேண்டியது நிறைய பாக்கி இருக்கு. நீங்க போய் ஒரு டீ குடிங்க."

"அண்ணே, நான் டைரக்டர்."

"அதான் தம்பி, சர்க்கரை தூக்கலா போடச் சொல்லுங்க," என்று சொல்லி, அந்தத் தடித்த கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.