கடல் இருக்கிற பக்கம்

தாரிகாவைப் பொறுத்தவரை விஞ்ஞானம் என்பது பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சையோடு கைகழுவிவிட்ட சாமான். அதற்குப் பிறகு வர்த்தகம் படித்தாள், கலியாணம் கட்டினாள், மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தாள், ஒரு மகளைப் பெற்றாள். மகள் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வேலை தேடப் புறப்பட்டாள். மூன்று இடத்தில் “அறிவிக்கிறம்” என்றார்கள். அறிவித்தவர் ஒருவருமில்லை.

நாலாவது இடம், காலி நகருக்குப் போகிற காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு ஒழுங்கையில் இருந்த சின்னத் தனியார் பள்ளிக்கூடம். நாலாம் வகுப்புக்கு ஆசிரியை வேண்டுமாம். அதிபர் நேசமலர் தொலைபேசியில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்து சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் விஞ்ஞானத்தில் எந்தப் பாடம் வருகிறதோ அதைப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் படிப்பித்துக் காட்ட வேண்டும். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் இனி எங்கேயும் விண்ணப்பம் போடுவதில்லை என்று தாரிகா முடிவெடுத்திருந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் சமையல் பாதி, பரிசோதனை பாதி. புட்டு அவிகிறபோது மூடியைத் தூக்கி, அதன் உட்பக்கத்தில் நிற்கிற துளிகளைப் பார்த்து “ஆவியாதல், ஒடுங்கல்” என்று முணுமுணுத்தாள். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கி வீட்டிலுள்ள கரண்டி, சாவி, ஊசி எல்லாவற்றோடும் ஒட்டிப் பார்த்தாள். உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்ததைப் பார்த்து அவளே கைதட்டினாள். வங்கியில் வேலை பார்க்கிற கணவன் கார்த்திகன் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நாலாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டான். யாழ்ப்பாணத்து மனிசன், விட்டுக்கொடுக்கமாட்டான்.

“உராய்வு இல்லாட்டில் என்ன நடக்கும்?”

“நடக்கேலாது. வழுக்கி விழுவம்.”

“சரி. ஏனப்பா இந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிப் போறீர்?”

“திசைகளா? அதெல்லாம் சின்னப்பிள்ளைப் பாடம். கண்ணக் கட்டி விட்டாலும் சொல்லுவன்.”

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேசமலர் நீட்டிய டப்பாவிலிருந்து தாரிகா ஒரு சீட்டை எடுத்தாள். பிரித்தால், “திசைகள்.” அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பிள்ளையாருக்கு மனதுக்குள்ளே ஒரு தேங்காய் நேர்ந்துவிட்டு மாடியிலிருந்த வகுப்புக்குள் நுழைந்தாள். இருபத்தெட்டுப் பிள்ளைகள். கடைசி வாங்கில் நேசமலர் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தார்.

யன்னலுக்கு வெளியே இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் கடல் நீலமாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் தாரிகாவுக்கு இன்னும் தைரியம் வந்தது. பலகையில் கடலைக் கீறினாள். கடலுக்கு மேலே பாதிச் சூரியனைக் கீறினாள். பக்கத்தில் “கிழக்கு” என்று வடிவாக எழுதினாள்.

“எல்லாரும் எழும்பிக் கடலைப் பார்த்து நில்லுங்கோ. இப்ப முன்னுக்கு இருக்கிறது கிழக்கு. முதுகுப் பக்கம் மேற்கு. வலக்கை தெற்கு, இடக்கை வடக்கு.”

பிள்ளைகள் நின்றார்கள். கையை நீட்டச் சொன்னால் நீட்டுகிற வயசு. ஆனால் முன்வரிசையில் பிரியந்தன் என்ற பொடியன் வலக்கையைப் பார்த்தான், இடக்கையைப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான்.

“டீச்சர், காலிக்குப் போற பஸ் இடக்கைப் பக்கமெல்லோ போகுது? காலி தெற்கிலதானே இருக்கு?”

தாரிகா வாயைத் திறக்குமுன் பஹ்மா என்ற பிள்ளை கையை உயர்த்தினாள்.

“டீச்சர், நோன்பு முடியக்க நாங்க பிறை பார்க்கப் போறது இந்தக் கடலுக்குத்தான். மஃரிப் நேரம் சூரியன் அங்கதான் எறங்கும். அது மேற்கு டீச்சர்.”

தாரிகா பிள்ளைகளைப் பார்த்தாள். காலி வீதிப் பக்க யன்னலால் வந்த காலை வெயில் அத்தனை பேருடைய முதுகிலும் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. ஏழு வருஷமாகப் பின்னேரங்களில் இதே கடற்கரையில் நடந்து, இதே கடலில் சூரியன் மறைவதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பியவள். இருந்தும் கையில் சுண்ணக்கட்டி வந்த உடனே அவள் கல்லடிப் பிள்ளையாகிவிட்டாள். அங்கே சூரியன் கடலிலிருந்துதான் வரும். காது இரண்டும் சுட்டது. கடைசி வாங்கில் பேனை எழுதுகிற சத்தம் கேட்டது. போச்சு, நாலாவதும் போச்சு என்று நினைத்தாள்.

போனால் போகட்டும், இதுகளைப் பிழையான திசையில் நிற்கவிட்டுப் போகக்கூடாது என்று அடுத்த நிமிடமே ஒரு ரோசம் வந்தது.

“பிரியந்தனும் பஹ்மாவும் சரி. டீச்சர்தான் பிழை,” என்று “கிழக்கு” என்பதை அழித்தாள். “எங்கட ஊர் மட்டக்களப்பு. அங்க விடியக்காலமை சூரியன் கடலுக்குள்ள இருந்துதான் வரும். இஞ்ச கடலுக்குள்ள போகுது. ஏன் அப்பிடி?”

“ரெண்டு சூரியனா டீச்சர்?” என்று யாரோ கேட்க வகுப்பே சிரித்தது. தாரிகாவும் சிரித்துவிட்டாள்.

பஹ்மாவை முன்னுக்குக் கூப்பிட்டாள். “இவதான் பூமி. முகம் இலங்கை. இடக்கன்னம் மட்டக்களப்பு, வலக்கன்னம் கொழும்பு. ரெண்டு காதுப் பக்கமும் கடல்.” தன் போனில் டோர்ச்சைப் போட்டுப் பிரியந்தனின் கையில் கொடுத்தாள். அவன் சூரியன். யன்னல் திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். பஹ்மா சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இடப்பக்கமாக மெல்ல மெல்லத் திரும்பினாள். வெளிச்சம் முதலில் இடக்கன்னத்தில் பட்டது.

“மட்டக்களப்பில விடிஞ்சிட்டுது!” என்று கத்தினார்கள். அவள் இன்னும் திரும்ப, “கொழும்பிலயும் விடிஞ்சிட்டுது!” தொடர்ந்து திரும்பியபோது இடக்கன்னம் இருண்டது. வலக்கன்னத்து வெளிச்சம் கடைசியாக வலக்காதுப் பக்கம் ஒதுங்கி மறைந்தது. “கடலுக்குள்ள விழுந்திட்டுது!”

சூரியன் நின்ற இடத்திலேயே நின்றது, திரும்பியது பஹ்மாதான் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் பூமியாக வேண்டுமென்று நின்றார்கள். இருபது நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. தாரிகா மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கடைசி வாங்கையும் மறந்துபோனாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து கன காலம்.

“டீச்சர், உங்கட ஊரில எத்தினை நிமிசம் முந்தி விடியும்?” என்று சூரியன் கேட்டது.

“எனக்குத் தெரியாது மகன். கணக்குப் பார்த்துத்தான் சொல்லவேணும்.”

“அப்ப எப்ப சொல்லுவீங்கள்?”

நாளைக்கு என்று சொல்லத் தாரிகாவுக்கு உரிமையில்லை, மாட்டேன் என்று சொல்ல மனமில்லை. தலையைத் தூக்கி வகுப்பின் பின்பக்கம் பார்த்தாள். நேசமலர் கொப்பியை மூடிவிட்டு எழுந்து நின்றார்.

“திங்கட்கிழமை சொல்லுவா,” என்றார் பிரியந்தனிடம். “இனி இவதான் உங்கட டீச்சர்.”

தாரிகாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பிரியந்தன் டோர்ச்சை அணைக்காமலே அவள் முகத்தைப் பார்த்தான்.

“மறந்துபோடாதேங்கோ டீச்சர்.”

“மறப்பனா?” என்றாள் தாரிகா.